கள்ளக்குரல் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

ஜெர்மனியில், நியூரம்பெர்க்கில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். டிசம்பர் கச்சேரிகளுக்காகவே லீவு சேர்த்து வைத்துச் சென்னை வருகிறவன். போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் கட்டாயப்படுத்தி பைராய்ட்டுக்கு அழைத்துப் போனார். ரயிலில் ஒரு மணி நேரம். அங்கே 18ஆம் நூற்றாண்டு ஒபரா (இசை நாடக) அரங்கம் ஒன்றில் கவுண்டர்டெனர் கச்சேரி. போர்ப்போரா, ஹாஸ்ஸெ, வின்சி என்று கேள்வியே பட்டிராத இசையமைப்பாளர்கள். நிகழ்ச்சித்தாளில் ‘மறக்கப்பட்ட ஆரியாக்கள்’ என்று போட்டிருந்தது. ஆரியா என்றால் ஒபராவில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டாம். பாடியவர் ஆறடி உயரம், தாடி, கோட்டு. வாயைத் திறந்தால் பெண் குரல்! அப்படிப் பாடும் ஆணைத்தான் கவுண்டர்டெனர் என்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து இருக்கை அம்மாள் முறைத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் அழுதுகொண்டிருந்தார்.

இது கள்ளக்குரல்தானே சார்? கிட்டப்பாவும் இப்படித்தானே பாடினார்? இவ்வளவு நல்ல பாட்டுகளை ஏன் மறந்தார்கள்? அப்புறம் ஒரு குறை. ஒவ்வொரு பாட்டிலும் முதல் பகுதியைப் பாடுகிறார்கள், நடுவில் வேறு ஏதோ வருகிறது, மறுபடி முதலிலிருந்து அதையே பாடுகிறார்கள். பாதிக்கு மேல் அலுத்துவிட்டது. டிக்கெட் விலையும் அதிகம்.

க., நியூரம்பெர்க்

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் பேரன் போன் செய்தான். “யாருங்க?” என்று கேட்டேன். “நான்தான் தாத்தா” என்றது ஒரு கட்டைக் குரல். பதின்மூன்று வயது. போன மாதம்வரை மணி அடித்ததுபோலப் பேசியவன். மகரக்கட்டு. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், சாயங்காலம் பார்த்தால் உங்கள் கடிதம். அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் டிக்கெட் விலை பற்றிப் புலம்பும் கடிதங்களை நான் எடுப்பதில்லை.

கிட்டப்பா பாடியது கள்ளக்குரல் இல்லை. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்த முழுக்குரல் அது. உயரத்தில் இருப்பதால் ஏணியும் பரணும் ஒன்றாகிவிடாது. அதை இதோடு விட்டுவிடுவோம்.

அலுப்புக்கு வருகிறேன். ஒரே வரியை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் நிரவல் செய்தால் தலையாட்டுகிறவர் நீங்கள். அதற்கு லீவு வேறு சேர்த்து வைக்கிறீர்கள். பைராய்ட்டில் ஒரு மனிதர் பாட்டின் தலைக்குத் திரும்பி வந்தால் மட்டும் அலுத்துவிடுமா? இந்தத் திரும்புதலுக்குப் பெயர் ‘டா காப்போ’, தலையிலிருந்து என்றுதான் அர்த்தம். முதல் முறை பாடுவது இசையமைப்பாளருடையது. நடுப் பகுதி வேறு மனநிலை. திரும்பி வரும்போது பாட்டு பாடகனுடையதாகிவிடும். அதே வரி, அதே மெட்டு. ஆனால் எங்கே சுழிக்கிறான், எங்கே நீட்டுகிறான், முதல் முறை இறங்கிய இடத்தில் இப்போது ஏறுகிறானா, எல்லாம் அவன் பொறுப்பு. அந்தக் காலத்து ரசிகர்கள் காத்திருந்ததே இதற்குத்தான். நீங்கள் மூல மெட்டைக் கேட்டுவிட்டு, கற்பனை தொடங்கும்போது கடிகாரத்தைப் பார்த்திருக்கிறீர்கள். போன நூற்றாண்டில் ஐரோப்பியர்களே இந்த ஒபராக்களைத் திரும்ப மேடையேற்றியபோது பல இடங்களில் இந்தத் திரும்புதலை வெட்டினார்கள். அலுக்கிறது என்றுதான் வெட்டினார்கள். நல்ல கூட்டாளிகள் உங்களுக்கு.

ஏன் மறந்தார்கள் என்று கேட்கிறீர்களே, அதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பாட்டின் பாதி காகிதத்தில் இல்லை. அந்தக் காலத்துப் பெரிய பாடகர் ஃபாரினெல்லி தாம் பாடிய சில ஆரியாக்களை அலங்காரங்களோடு எழுதவைத்து 1753இல் ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவுக்கு அனுப்பினார். ஜியாகோமெல்லி இசையமைத்த நைட்டிங்கேல் பாட்டு அதில் உண்டு. அந்த ஏடுகளில் மூல மெட்டின் எலும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு சதை. இப்படி எழுதிவைத்தது அபூர்வம். மற்றதெல்லாம் பாடிய இரவோடு போயிற்று. யாரும் சதி செய்து மறக்கவில்லை.

பழைய ஒபராவைப் பாதுகாத்துப் பாட வேண்டும் என்ற எண்ணமே அன்று பெரிதாகக் கிடையாது. கவிஞர் மெத்தாஸ்தாசியோ எழுதிய ‘அர்த்தசெர்சே’ ஒபராவுக்கு 1730இல் ரோமில் வின்சி இசையமைத்தார். அதே வருடம் வெனிஸில் ஹாஸ்ஸெ இசையமைத்தார், அதில் பாடியவர் ஃபாரினெல்லி. பிறகு எண்பது பேருக்கு மேல் அதே வரிகளுக்கு மெட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊரில் அந்த வருடம் இருந்த குரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை வேண்டும். அளவு பிடிக்காத பாடகர்கள் தங்களுக்குக் கைதட்டல் வாங்கித்தந்த பழைய ஆரியாக்களைக் கையோடு கொண்டுபோய்ப் புது ஒபராவுக்குள் செருகிவிடுவார்கள். அதற்குப் பெயரே பெட்டிப் பாட்டு. நம் ஸ்பெஷல் நாடக ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை! பிரஷ்ய மன்னர் ஃபிரடெரிக்கின் அக்கா வில்ஹெல்மினெ தன் மகளின் கல்யாணத்துக்காகக் கட்டியது, திறந்தது 1748இல். உள்ளே பிபியேனா என்ற அரங்க வடிவமைப்பாளர்கள், அப்பாவும் மகனும், மரத்திலும் வண்ணம் தீட்டிய துணியிலும் செய்த வேலை. அந்தக் கல்யாணத்துக்குப் பாடியவற்றில் ஹாஸ்ஸெயின் ‘அர்த்தசெர்சே’யும் ஒன்று. பல வருடப் புதுப்பிப்பு வேலை முடிந்து 2018இல் திறந்தபோது பாடியதும் அதுவே. இடையில் 270 வருடம். பிற்கால இசையமைப்பாளர் வாக்னர் இந்த அரங்கைப் பார்க்க வந்து, தன் ஒபராவுக்குச் சரிப்படாது என்று குன்றின்மேல் தனியாக ஒன்று கட்டிக்கொண்டார். அவர் பேச்சு இப்போது வேண்டாம்.

கள்ளக்குரல் என்றீர்கள். இந்த வார்த்தைமேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு.

எட்டு வயதிலிருந்து எங்கள் ஊர்த் தேவாலய கொயரில் பாடினேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் முதல் சரணம் தனியாக என்னுடையது. பதின்மூன்றாவது வயதில், டிசம்பர் ஒத்திகையில், குரல் நடுவில் இரண்டாகப் பிளந்தது. எல்லாரும் சிரித்தார்கள். கொயர் மாஸ்டர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, “வாயை மட்டும் அசை” என்றார். அந்த கிறிஸ்துமஸுக்கு வாயை மட்டும் அசைத்தேன். அம்மா ஆராதனை முடிந்து வந்து, “உன் சத்தம் கேட்கலியே” என்றாள்.

தை மாதம் குளத்தங்கரையில் தனியாக இருந்தபோது சும்மா முனகிப் பார்த்தேன். அழுத்தாமல் லேசாகப் பாடினால் பழைய சரணம் வந்தது. மெலிசாக, நூல்போல. ஆனால் இருந்தது. மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். இரண்டு வரி கேட்டார். “கள்ளக்குரல். ஆம்பிளப் பிள்ள இத வெளியில பாடாத” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் யாரோ சொன்னதுதான். அதற்குப் பிறகு நான் பாடவில்லை.

இத்தாலியனும் ‘ஃபால்செட்டோ’ என்று பொய்யைத்தான் பெயராக வைத்திருக்கிறான். என்ன பொய்? முழுக்குரலில் குரல்நாண்கள் தடிமனாக அதிர்கின்றன. இதில் விளிம்பு மட்டும் அதிர்கிறது. தொண்டையும் பாடுகிறவனுடையது, காற்றும் அவனுடையது. ஆல்ஃபிரட் டெல்லர் என்ற ஆங்கிலேயர், பையனாகத் தேவாலயத்தில் பாடியவர், குரல் உடைந்த பிறகும் உயரத்தைவிட்டு இறங்கவில்லை. மேஜை நாற்காலிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு பாடினார். அப்புறம் கேன்டர்பரி பேராலயம். 1960இல் பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளர் தன் ஒபராவில் தேவதைகளின் அரசன் ஓபரான் பாத்திரத்தை அவருக்காகவே எழுதினார். முப்பத்தைந்து வயதில் அவர் கேசட்டை முதலில் கேட்டபோது நான் எழுந்து வாசல் கதவைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது.

இந்தப் பாட்டுகளை அன்று பாடிய காஸ்த்ராத்தோக்களின், அதாவது சிறுவயதிலேயே விதை நீக்கப்பட்ட பாடகர்களின், குரல் இது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறுவர்களுக்கு மகரக்கட்டு வருவதற்கு முன்பே கத்தி வைத்தார்கள். குரல்வளை சிறுவனாக நின்றுவிடும், நெஞ்சு மட்டும் ஆணாக வளரும். திருச்சபை ஒரு கையால் அதைத் தடுத்துக்கொண்டு மறு கையால் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. மொரெஸ்கி என்ற கடைசி ஆள் 1902இலும் 1904இலும் பாடிய பதிவுகள் இருக்கின்றன. கேட்டிருக்கிறேன், இரண்டாம் முறை போட மனம் வரவில்லை. நீங்கள் பார்த்த தாடிக்காரரின் குரல் உடைந்திருக்கிறது. உடைந்த பிறகு அதற்குள் தேடி எடுத்திருக்கிறார். அவரைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள்.

சரி, கோபம் போய்விட்டது. பேரனிடம் லேசாகப் பாடிப் பார் என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்குக் கிரிக்கெட்தான் முக்கியம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த அம்மாள் அழ ஆரம்பித்தது முதல் முறை பாடியபோதா, திரும்பி வந்தபோதா? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.