தோல்வியில் பிறந்த அணி

கேள்வி: அட்லாண்டா நகரின் ஜார்ஜியா டெக் கல்லூரியில் என் மகன் மேற்படிப்புப் படிக்கிறான். 1916-இல் அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து அணி ஓர் ஆட்டத்தில் 222-0 என்று வென்றதாம். அதைச் சொல்லாமல் அவன் தொலைபேசியை வைப்பதில்லை. அதே அணி தன் முதல் ஆண்டில் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றது என்று எங்கோ படித்தேன். அது உண்மைதானா? உண்மையென்றால் என்ன காரணம்?

பதில்: உண்மைதான். 222-0 பலரும் அறிந்த கணக்கு. எனக்கென்னவோ 1892-ஆம் ஆண்டின் தோல்விக் கணக்கே அதைவிடச் சுவையாகத் தோன்றுகிறது. அந்த ஆண்டு அவர்கள் ஆடியவை மூன்றே ஆட்டங்கள். மெர்சர், வாண்டர்பில்ட், ஆபர்ன் என்ற மூன்று கல்லூரி அணிகளிடம் முறையே 12-6, 20-10, 26-0 என மூன்றிலும் தோற்றார்கள். மொத்தத்தில் எடுத்தது 16 புள்ளி, கொடுத்தது 58.

இக்காலக் கண்ணோடு இந்த எண்களைப் பார்க்கக் கூடாது. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு அன்று 4 புள்ளிதான். அதையடுத்த உதை கம்பங்களுக்கு நடுவே சென்றால் மேலும் 2 புள்ளி கிடைத்தது. ஆகவே மெர்சருடன் நடந்த ஆட்டத்தில் ஒரு டச்டவுனும் ஓர் உதையும் கூடுதலாக வாய்த்திருந்தால் கணக்குச் சமமாகியிருக்கும். ஒன்றுமே செய்ய இயலாமல் தோற்றது ஆபர்னிடம் மட்டுமே.

முதன்மையான காரணம், அந்த நால்வரில் ஜார்ஜியா டெக்தான் கடைக்குட்டி என்பது. பொறியாளர்களை உருவாக்குவதற்காக அந்தக் கல்லூரி திறக்கப்பட்டதே 1888-இல்தான். வாண்டர்பில்ட் 1890 முதலே ஆடிவந்தது. ஆபர்ன் அணியும் புதியதுதான் என்றாலும், 1892 பிப்ரவரியிலேயே அட்லாண்டாவின் பீட்மான்ட் பூங்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழக (இது ஜார்ஜியா டெக் அல்ல, வேறொன்று) அணியை 10-0 என்று வென்றிருந்தது. மெர்சரின் கதை இன்னும் வேடிக்கையானது. அவர்கள் அதே ஆண்டு ஜனவரியில் அந்த ஜார்ஜியா பல்கலைக்கழகத்திடம் 50-0 என்று உதை வாங்கியவர்கள். அடிபட்டுப் பழகிய அந்த அணியிடம்தான், இன்னும் அடிபடாத ஜார்ஜியா டெக் தோற்றது.

அன்றைய ஆட்ட முறையும் புதியவர்களுக்குக் கருணை காட்டவில்லை. பந்தை முன்னோக்கி எறிய 1906 வரை அனுமதி கிடையாது. மூன்று முயற்சிகளில் ஐந்து கஜம் முன்னேறியாக வேண்டும் என்பதால், பந்து வைத்திருப்பவனைச் சுற்றி வீரர்கள் நெருங்கி நின்று, மொத்தமாக முட்டித் தள்ளிக்கொண்டு போவதே பெரும்பாலும் ஆட்டமாக இருந்தது. தனி ஒருவனின் ஓட்டத் திறமை அங்கே அதிகம் எடுபடாது. யார் எங்கே நிற்பது, எந்த நொடியில் தள்ளுவது என்று பலமுறை ஒத்திகை பார்த்த கூட்டமே முன்னேறும். அந்த ஒத்திகையைச் சொல்லிக்கொடுக்க, ஆட்டத்தை வேறிடத்தில் அறிந்துவந்த ஒருவர் தேவைப்பட்டார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு வேதியியல் ஆசிரியர் சார்லஸ் ஹெர்ட்டியும், ஆபர்னுக்கு வரலாற்று ஆசிரியர் ஜார்ஜ் பெட்ரியும் அப்படி அமைந்தார்கள்; இருவருமே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர்கள்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் அந்த அணி எப்போது நிமிர்ந்தது?

பதில்: மறு ஆண்டே நிமிர்ந்ததுபோல் தோன்றியது. அட்லாண்டாவை ஒட்டிய மக்பெர்சன் கோட்டையில் லியனார்ட் வுட் என்ற ராணுவ மருத்துவர் பணியாற்றிவந்தார். ஹார்வர்டில் மருத்துவம் படித்து முடித்து, முப்பத்து மூன்று வயதை எட்டியிருந்த அவர், ஜார்ஜியா டெக்கில் மாணவராகப் பெயர் பதிந்துகொண்டு களமிறங்கினார். யார் மாணவர் என்பதற்குக் கண்டிப்பான விதி இல்லாத காலம் அது! 1893 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தை 28-6 என்று அவர்கள் வென்றபோது, உள்ளூர்க்காரர்கள் கல்லெறிந்து கோபத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகவே உயர்ந்த வுட்டை ஒரு கல்லூரி அணிக்குள் கொண்டுவந்தது, என் கருத்தில், திறமையான ஏற்பாடுதானே தவிர நேர்மையான ஏற்பாடு அன்று.

அந்த நிமிர்வும் நிலைக்கவில்லை. 1894-இல் ஆபர்ன் அவர்களை 94-0 என்று நொறுக்கியது. 1903-இல் கிளெம்சன் அணி 73-0 என்று தோற்கடித்தது. அதன் பிறகுதான் கல்லூரிக்குப் புத்தி தெளிந்தது என்று சொல்ல வேண்டும். வெளியிலிருந்து ஆட்டக்காரரைக் கொண்டுவருவதை விட்டுவிட்டு, தங்களை அந்த அளவுக்கு அடித்த கிளெம்சன் அணியின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மனையே, சம்பளத்தோடு நுழைவுச்சீட்டு வசூலிலும் பங்கு தருவதாகப் பேசி அழைத்துவந்தார்கள். 1904-இல் அவருடைய முதல் பருவத்தில் அணி எட்டு ஆட்டங்களில் வென்றது. ஒன்றில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது. இன்று கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய தனிநபர் விருது அவர் பெயரால்தான் வழங்கப்படுகிறது.

உங்கள் மகன் சொல்லும் 222-0 ஆட்டத்தை நடத்தியவரும் அவரே. ஆனால் எதிரே நின்ற கம்பர்லாந்து கல்லூரி, கால்பந்தையே அதற்குள் கைவிட்டிருந்தது. வராவிட்டால் 3,000 டாலர் தண்டம் கட்ட வேண்டும் என்பதற்காகக் கிடைத்த மாணவர்களைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை வெற்றி என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. மகன் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தால், 1903-இல் 73-0 என்று யாரிடம் தோற்றீர்கள் என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள்.