பயாப்ஸியில் புற்றுநோய் செல் இல்லை என்று வந்தால் விட்டுவிடலாமா?

வணக்கம். அப்பாவின் நுரையீரல் கட்டியில் ஊசி போட்டு எடுத்த பயாப்ஸியில் "இறந்த திசு மட்டுமே, புற்றுநோய் செல்கள் காணப்படவில்லை" என்று வந்திருக்கிறது, இதோடு விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். காசநோய், ஹமார்டோமா (புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி) என்று ஏதாவது ஒரு நோயின் பெயர் ரிப்போர்ட்டில் இருந்தால் நம்பலாம். இது முடிவு தெரியாத ரிப்போர்ட்.

பெரிய கட்டிகளில் நடுப்பகுதி பல நேரம் செத்துப்போயிருக்கும். ஊசி அங்கே இறங்கினால் செத்த திசுதான் வரும். உயிருள்ள செல்கள் ஓரத்தில் இருக்கும். பெட் சிடி (கட்டியில் உயிர்ப்போடு இருக்கும் பகுதியைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தால் எந்த இடத்தில் ஊசி போடலாம் என்று ஓரளவு தெரியும். சின்னக் கட்டி என்றால் மூச்சு விடும்போது நகர்ந்து, ஊசி தவறிவிடவும் வாய்ப்புண்டு.

எடுத்தது மெல்லிய ஊசியிலா, கோர் பயாப்ஸியா (சற்றுத் தடித்த ஊசியால் திசுவைத் துண்டாகவே எடுப்பது) என்று டாக்டரிடம் கேளுங்கள். மெல்லிய ஊசி என்றால் அடுத்த முறை கோர் பயாப்ஸி செய்ய முடியுமா என்று பாருங்கள். அப்புறம், காசநோயிலும் இதே மாதிரி செத்த திசு வரும், அதனால் ஜீன்எக்ஸ்பர்ட்டும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அவசியம். ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) போட்ட துண்டில் கிருமி வளராது. ஒரு துண்டைத் தனியாகச் சலைனில் (உப்புநீர்) அனுப்பச் சொல்லி முன்கூட்டியே நினைவுபடுத்துங்கள். பழைய ஸ்லைடுகளையும் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசு) வாங்கி, திசுவைப் பரிசோதிக்கும் இன்னொரு டாக்டரிடமும் (பெத்தாலஜிஸ்ட்) காட்டலாம்.