பையன் வேன் ஓட்டப் போகிறேன் என்கிறான்

அம்மா, உங்கள் பையன் அவனுடைய சித்தப்பாவின் வாடகை வேனை ஓட்டலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் முதலில் என்னை உறுத்தியது அந்த லைசென்ஸ் ஏஜென்ட்தான். பையன் பத்தாவதில் கணக்கில் தவறிவிட்டான், அதனால் எட்டாவது சர்டிஃபிகேட் ஒன்றையும் ‘ரெடி பண்ணி’ லைசென்ஸோடு சேர்த்து முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கிறாராமே. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு (வாடகை வண்டி, சரக்கு வண்டி ஓட்டும் உரிமம்) எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்ற விதியை மத்திய அரசு 2019-லேயே எடுத்துவிட்டது. இல்லாத விதிக்குப் பொய்ச் சான்றிதழ் வாங்கி வம்பை விலைக்கு வாங்குவானேன்?

உண்மையான தடை வேறு. மகனுக்கு வயது 19, கார் லைசென்ஸ் கைக்கு வந்து ஏழு மாதம். வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டியை ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். டிரான்ஸ்போர்ட் எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வாங்கக் கார் லைசென்ஸ் ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் எந்த ஏஜென்டாலும் சுருக்க முடியாது. எனவே, “சித்தப்பா வேனை இப்பவே எடுத்து ஓட்டட்டுமே” என்ற பேச்சு வேண்டாம்.

அந்த வேன் எந்த வகை என்று ஆர்சியில் (பதிவுச் சான்றில்) பாருங்கள். ‘மீடியம் பாசஞ்சர்’ என்று லைசென்ஸில் தனியாகப் போட்டுக் கொடுத்த காலம் 1994-ல் முடிந்துபோனது. இப்போது கார் வகை, அதற்கு மேல் டிரான்ஸ்போர்ட், அவ்வளவுதான். பயணிகளோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. சாதாரண டெம்போ டிராவலர் இதில் அடங்கிவிடும், ஆனால் 20 வயது விதி அதற்கும் உண்டு. 7,500 முதல் 12,000 கிலோ வரையிலான பஸ்தான் சட்டப்படி நடுத்தர வண்டி. அதற்கு டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் கட்டாயம். இல்லாமல் ஓட்டி விபத்தானால், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த நஷ்ட ஈட்டைச் சித்தப்பாவிடமே வசூலிக்க வழி இருக்கிறது.

டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டும் முன் மகனைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். டிரான்ஸ்போர்ட்டுக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, கடுமையான நிறக்குருடு உண்டா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். என்னிடம் வந்த ஒரு பையன் முழுக் கட்டணமும் கட்டிய பிறகுதான் தனக்கு நிறக்குருடு என்பதைத் தெரிந்துகொண்டான். பாவம், அதுவரை சிக்னலில் எந்த விளக்கு மேலே எரிகிறது என்று பார்த்தே காலத்தை ஓட்டியிருக்கிறான்.

பயிற்சி அங்கீகாரம் பெற்ற ஸ்கூலில்தான் இருக்க வேண்டும். அவர்கள் தரும் படிவம் 5 இல்லாமல் விண்ணப்பம் நகராது. விதிப்படி குறைந்தது 30 நாள், அதில் 15 மணி நேரமாவது ஸ்டியரிங் மகன் கையில் இருக்க வேண்டும். “நாலு ரவுண்டு போதும் தம்பி” என்கிற ஸ்கூல் என்றால் வேறு இடம் பாருங்கள். கண்ணாடியை மட்டும் பார்த்து நீளமான வண்டியை ரிவர்ஸ் எடுப்பது நாலு ரவுண்டில் வராது. எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்து டெஸ்ட். லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும், புதுப்பிக்கும்போது மறுபடி டாக்டர் சான்று.

“பத்தாவதை விட்டுவிடலாமா” என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. லைசென்ஸுக்குத்தான் படிப்பு வேண்டாம், வேலைக்கு வேண்டும். 2025-ல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 டிரைவர்-கண்டக்டர் இடங்களுக்கு ஆள் எடுத்தபோது பத்தாவது தேர்ச்சி, 24 வயது, ஹெவி (கனரக வண்டி) லைசென்ஸில் 18 மாத அனுபவம், கண்டக்டர் லைசென்ஸ், முதலுதவிச் சான்று எல்லாம் கேட்டார்கள். உயரம் 160 செ.மீ., எடை 50 கிலோவும் உண்டு. உங்கள் பையன் ஒல்லி என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் கவனியுங்கள்.

20 வயது ஆகும்வரை சித்தப்பா வண்டியிலேயே கிளீனராகப் போகட்டும். டயர் மாற்றுவது, ஆயில் பார்ப்பது, கோபப்படும் பயணியைச் சமாளிப்பது எல்லாம் அங்கேதான் பழகும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கணக்கு டியூஷனுக்கு விட வேண்டும் என்று அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.