பின் ஆக்சிலை மாற்றுவதற்கு முன் எடைமேடைக்குப் போங்கள்: கேள்வி பதில்

தொட்டி நிறைய சாமான், மேலே கூடாரம், பின்னால் டிரெய்லர், போவதோ மண்ணும் கல்லுமான பாதை. இப்படிப் பிக்கப் ஓட்டுகிறவர்கள் பின் ஆக்சிலைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் ஆஸ்திரேலியாவில் ஃபோர் வீல் வண்டிகள் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் 14 வருடமாக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் டிஃபரென்ஷியல், ஆக்சில் வேலைதான்.

கேள்வி: டபுள் கேப் பிக்கப், பின்னால் செமி ஃப்ளோட்டிங் ஆக்சில். கேனோபி (தொட்டியை மூடும் கூடு), ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, 80 லிட்டர் தண்ணீர், அதற்குப் பின்னால் கேரவன். இரண்டு வருடத்தில் பின் பேரிங் இரண்டு தடவை போய்விட்டது. ஃபுல் ஃப்ளோட்டிங் போட்டால் தீருமா?

தீரலாம். ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன்னால் எடைமேடைக்குப் போய்விட்டு வாருங்கள். ஊருக்குக் கிளம்பும்போது எப்படிப் போவீர்களோ அப்படியே, டீசல், தண்ணீர், பிள்ளைகள், கேரவன் எல்லாவற்றோடும் போய், முன் சக்கரங்கள் மட்டும் ஒரு தடவை, கேரவன் சக்கரம் மேடையில் ஏறாமல் வண்டி முழுக்க ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பின் ஆக்சில் எடை. மொத்த எடை அளவுக்குள் இருக்கும், பின் ஆக்சில் மட்டும் தாண்டி நிற்கும். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். காரணம் நெம்புகோல் கணக்கு. வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள தூரம், 3.1 மீட்டர், கேரவன் மாட்டும் குமிழ் பின் ஆக்சிலுக்கு 1.3 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குமிழில் 300 கிலோ அழுத்தினால் பின் ஆக்சிலில் ஏறுவது 300 இல்லை, சுமார் 425 கிலோ. மீதி 125 கிலோ முன் சக்கரத்திலிருந்து தூக்கி எடுத்து வந்தது, அதனால்தான் ஸ்டியரிங்கும் லேசாகிவிடுகிறது.

இப்போது ஆக்சிலுக்கு வருவோம். செமி ஃப்ளோட்டிங்கில் ஆக்சில் ஷாஃப்டுக்கு இரண்டு வேலை: சக்கரத்தைச் சுற்றவும் வேண்டும், எடையைத் தாங்கவும் வேண்டும். எடையில் வளைந்தபடியே சுற்றுவதால், கம்பியை இப்படியும் அப்படியும் மடக்குகிற மாதிரி ஒவ்வொரு சுற்றுக்கும் இரும்பு களைத்துப்போகிறது, எடையெல்லாம் ஹவுசிங் (ஆக்சிலை மூடியிருக்கும் வெளிக்கூடு) நுனியில் இருக்கிற ஒரே பேரிங்கில் விழுகிறது. ஃபுல் ஃப்ளோட்டிங்கில் சக்கரம் மாட்டும் ஹப், ஹவுசிங் குழாயின் மேலேயே இரண்டு டேப்பர் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் சுற்றுவதோடு சரி. ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது, ஜாக் போடாமலே ஷாஃப்டை உருவி எடுக்கலாம்.

இன்னொன்று. பேரிங் திரும்பத் திரும்பப் போனால் ஹவுசிங் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் இதே புகாரோடு வந்த ஒரு வண்டியை அலைன்மென்ட் மெஷினில் ஏற்றியபோது பின் சக்கரம் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தன, டயரின் உள்விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஹவுசிங் நடுவில் தொய்ந்துவிட்டது. அதில் எத்தனை புது பேரிங் போட்டாலும் நிற்காது.

கேள்வி: அண்ணா, என்னிடம் லேண்ட் க்ரூசர் 79 இருக்கிறது, வி8. மணலில் பின்பக்கம் தனியாக அலைகிறது. டிராக் கரெக்‌ஷன் ஆக்சில் போடச் சொல்கிறார்கள், விலையைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. அவசியமா?

தம்பி, உங்கள் வண்டியில் ஆக்சிலின் பலத்தில் குறை இல்லை. கம்பெனியிலேயே ஃபுல் ஃப்ளோட்டிங், டிஃபரென்ஷியலுக்குள் பெரிய கிரவுன் பினியன் பற்சக்கர ஜோடி, அது நன்றாகவே தாங்கும். சிக்கல் அகலத்தில். வி8 எஞ்சினுக்கு இடம் வேண்டும் என்று முன்பக்கத்தை அகலமாக்கினார்கள், பின்பக்கத்தைப் பழையபடி விட்டுவிட்டார்கள். பின் டிராக், அதாவது இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம், முன்னைவிட மொத்தம் 95 மி.மீ. குறுகல், பக்கத்துக்கு 47 சொச்சம். முன் சக்கரம் மணலை மிதித்து ஒரு தடம் போட, பின் சக்கரம் அதில் ஓடாமல் உள்ளே தள்ளிப் புதுத் தடம் வெட்டுகிறது. அந்த இழுவைக்கு எஞ்சின் பாடுபடுகிறது, டீசலும் குடிக்கிறது. மேலே கூடாரமும் கேனோபியும் இருந்தால் வண்டி சாய்வதும் கூடுதலாகத் தெரியும்.

அவசியமா என்றால், வருடத்துக்கு ஒரு தடவை கடற்கரைக்குப் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். டயரில் காற்றை நன்றாக இறக்கினாலே பாதி சரியாகிவிடும். வருடம் முழுக்க லோடோடு பாலைவனத்தில் ஓடுகிறவர் போடட்டும், அவருக்கு அந்தக் காசு வீண் இல்லை. புது ஹவுசிங் வாங்குவதென்றால் ஏற்கெனவே என்ஜினியர் சான்று உள்ளதை வாங்குங்கள். ஜி.வி.எம். (வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை) உயர்த்துகிற எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒன்றாகச் செய்வது செலவில் லாபம்.

கேள்வி: அதற்குப் பதில் சக்கரத்தை வெளியே தள்ள ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வீல் ஸ்பேசர் போட்டால்?

வேண்டாம். ஆஸ்திரேலியாவில் சட்டப்படியும் கூடாது, லோடு வண்டியில் அந்த போல்ட்டுகளை நம்பவும் முடியாது. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள வீல் பேரிங்கில் விழும் திருகலும் கூடும்.

கேள்வி: அரிசோனாவில் இருக்கிறேன். 80களின் செவ்ரோலே கே10, பின்னால் 10 போல்ட் ஆக்சில். தொட்டியில் கேம்பர் வைத்து மலைப்பாதையில் போக ஆசை. டானா 60 போடலாமா, 14 போல்ட் போடலாமா?

14 போல்ட். யோசிக்கவே வேண்டாம். (10, 14 என்பது டிஃபரென்ஷியல் மூடியில் உள்ள போல்ட் எண்ணிக்கையால் வந்த பெயர், டானா 60 இன்னொரு கனமான ஆக்சில் மாடல்.) உங்கள் 10 போல்ட்டில் ரிங் கியர் (கிரவுன் சக்கரம்) 8.5 அங்குலம், ஷாஃப்டை உள்ளே பிடித்திருப்பது சின்ன சி கிளிப். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும், மலைச்சரிவில் அப்படி நடப்பதை நினைத்துப் பாருங்கள். 14 போல்ட் ஃபுல் ஃப்ளோட்டரில் ரிங் கியர் 10.5 அங்குலம், டானா 60ல் 9.75. அதோடு 14 போல்ட்டில் பினியனின் உள்நுனியிலும் தனியாக ஒரு பேரிங் தாங்கல் உண்டு. லோடு ஏறும்போது பினியன் நெளியாமல் இருப்பது அதனால்தான். அந்தக் காலத்து முக்கால் டன், ஒரு டன் செவ்ரோலே வண்டிகளில் வந்தது என்பதால் பழைய வண்டி உடைக்கிற இடங்களில் இன்னும் கிடைக்கிறது.

குறையும் உண்டு. கனம் அதிகம், அடிவயிறு கீழே தொங்கும், பெரிய கல்லில் தட்டும். சக்கரத்துக்கு 8 போல்ட், உங்கள் முன்பக்கம் 6. அப்படியே விட்டால் இரண்டு ஸ்டெப்னி சுமக்க வேண்டும், அதனால் முன் ஹப்பையும் 8 போல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். கியர் விகிதம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும், வாங்கும் முன்பே மூடியைக் கழற்றிப் பற்களை எண்ணிப் பாருங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட் அளவும் மாறும். ஸ்பிரிங் உட்காரும் மேடையை வெல்டிங் வைக்கும்போது வண்டியைத் தரையில், லோடோடு நிறுத்தி, பினியன் கோணம் பார்த்து, முதலில் பொட்டு மட்டும் வையுங்கள். ஜாக்கில் தொங்கவிட்டு அளந்து முழு வெல்டிங் அடித்துவிட்டு, பிறகு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதிர்கிறது என்று வருகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: பின்பக்கம் தொய்கிறது, ஆக்சில் மாற்றும் வரை ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் (காற்றுப் பை) போட்டுச் சமாளிக்கலாமா?

பட்டை ஸ்பிரிங் வண்டியில் எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. பட்டை, லோடைச் சேஸிஸின் இரண்டு இடத்தில், முன் ஹேங்கரிலும் பின் ஷேக்கிளிலும் பிரித்துக் கொடுக்கிறது. ஏர்பேக் அதை ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் குத்துகிறது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் கேரவன் கீழே இழுக்க, குழியில் விழும்போது சேஸிஸ் அங்கேதான் மடங்கும். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள், கீழே ஒரு அளவும் மேலே ஒரு அளவும் இருந்தால் ஏற்கெனவே மடங்க ஆரம்பித்துவிட்டது. எப்போதும் சுமக்கிற எடைக்கு ஏற்ற பட்டைக் கட்டு போடுங்கள். கனமான சாமானைக் கேபினை ஒட்டி, தாழ்வாக வையுங்கள். தண்ணீர் டேங்கைப் பின் கதவோரத்திலிருந்து முன்னால் நகர்த்தியதிலேயே ஆக்சில் மாற்றும் யோசனையை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: 35 அங்குல டயர் போட்டேன். ஆக்சில் கழற்றும்போது கிரவுன் பினியனும் மாற்றவா?

மாற்றுங்கள், கூலி மிச்சம். பழைய டயர் 31.6 அங்குலம், விகிதம் 3.909 என்றால், 35 டயருக்குப் பழைய இழுவை திரும்பக் கிடைக்கவே 4.33 வேண்டும். லோடு இருப்பதால் 4.5 பக்கம் போகலாம். முன் டிஃபரென்ஷியலும் சேர்த்துத்தான், இல்லையென்றால் ஃபோர் வீல் போட்டதும் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் வேலைக்கு பொலேரோ பிக்கப். உரமூட்டை ஏற்றி இறக்குகிறோம். லாரி ஆக்சில் ஏதாவது பொருந்துமா?

பொருத்துகிற கைகள் நம் ஊரில் இருக்கிறார்கள், ஆனால் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி கம்பெனி விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. விபத்தென்று வந்தால் இன்சூரன்ஸில் கை விரிப்பார்கள். அதைவிட முக்கியம், மலை இறக்கத்தில் உங்களைக் காப்பாற்றுவது ஆக்சில் இல்லை, பிரேக். மூட்டையைக் குறைத்து இன்னொரு நடை போங்கள். ஆக்சிலில் ஆயில், சீல், யூ போல்ட் இறுக்கம் இந்த மூன்றையும் விடாமல் பாருங்கள்.

கேள்வி: ஃபுல் ஃப்ளோட்டிங் மாற்றியாகிவிட்டது. இனி எதைக் கவனிக்க வேண்டும்?

புதுக் கிரவுன் பினியன் என்றால் முதல் 800 கிலோமீட்டர் டிரெய்லர் வேண்டாம். முதல் ஓட்டம் 20 நிமிடம், அப்புறம் நன்றாக ஆறவிடுங்கள், இப்படி இரண்டு மூன்று தடவை. 800 முடிந்ததும் ஆயிலை மாற்றுங்கள். வடிகிற ஆயிலில் மினுமினுவென்று பொடி இருக்கும், பயப்பட வேண்டாம், விரலில் நெருடும் துண்டு வந்தால் மட்டும் திரும்பக் கொண்டுபோங்கள்.

வண்டி உயரம் மாறியிருந்தால், பின் ஆக்சிலிலிருந்து பிரேக் வால்வுக்குப் போகிற கம்பி இருக்கிறதா, அதைச் சரிசெய்தார்களா என்று கேளுங்கள். அதை மறந்தால் லோடு இல்லை என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

ஹவுசிங்குக்குள் காற்று போய்வரும் ப்ரீதர் குழாயை உயரமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள். சூடான ஹவுசிங் ஆற்றுத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் போட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

ஹப்பில் ஷாஃப்ட் ஃபிளாஞ்சைப் பிடித்திருக்கும் நட்டுகளை 500 கிலோமீட்டரில் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். அந்த முகத்தில் ஆயில் கசிவு இருந்தால் துடைத்துவிட்டு இறுக்கினால் போதாது, கழற்றி, காய வைத்து, சீல் மாற்றிவிட்டு இறுக்குங்கள். ஆயில் பட்ட முகம் வழுக்கும், வழுக்கினால் ஸ்டட் வெட்டிக்கொண்டு போகும். நான் பாதையில் எங்கே நிறுத்தினாலும் நான்கு ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், பேரிங்கோ பிரேக்கோ, இரண்டில் எது என்று பார்க்காமல் அங்கிருந்து கிளம்புவதில்லை.