46 இருந்தால் போதுமா? குருத்துக் கலக் கேள்விகள்

எந்த நிறமூர்த்தங்கள் அதிகம் பிசகும்? (உயர்தர மாணவி, உவர்மலை)

மனிதக் கலத்தில் மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் 46. தட்டில் வளர்க்கும் குருத்துக் கலங்களில் (ஸ்டெம் செல்) அதிகம் பிசகுபவை 1, 12, 17, 20. சிலவேளை எக்ஸ். குறைவதைவிடக் கூடுவதே அதிகம். கூடுதல் பிரதி கிடைத்த கலம் சாகாமல் தப்பும் அல்லது வேகமாகப் பெருகும்.

நிறமூர்த்தக் குறை, கலங்களை எடுத்த முளையத்திலேயே இருந்ததா, வளர்ப்புத் தட்டில் வந்ததா? (கிண்ணியா)

இரண்டும் உண்டு. நீண்ட நாள் வளர்த்த கலவழி (ஒரே மூலத்திலிருந்து பெருக்கிவரும் கலங்கள்) என்றால் முதலில் தட்டைச் சந்தேகியுங்கள்.

கலவழி வந்தபோதே 'கரியோடைப் சரி, 46' என்ற நிறமூர்த்தப் பரிசோதனை அறிக்கையும் வந்தது. திரும்பவும் பார்க்க வேண்டுமா? (ஆய்வு மாணவர், நிலாவெளி)

கட்டாயம் பார்க்க வேண்டும். இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதினாலும் அதே கடிதம் திரும்பி வருகிறது. அந்த அறிக்கை அன்றைய கலங்களைப் பற்றியது. இன்று உங்கள் தட்டில் இருப்பவை அவற்றின் எத்தனையாவது தலைமுறை?

தம்பலகாமத்து வயலை நினைத்துப் பாருங்கள். விதைத்த அன்று களை கண்ணில் படாது. பிடுங்காமல் விட்டால் ஒரு போகத்துக்குள் நெல்லை மூடிவிடும். தட்டிலும் அதுதான். 2011இல் வெளிவந்த சர்வதேச ஆய்வில் 125 முளையக் கலவழிகளைப் பார்த்தார்கள். பெரும்பாலானவை கரியோடைப்பில் சரியாகத்தான் இருந்தன. ஆனால் 5இல் ஒன்றுக்கு மேல் 20ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு சிறு துண்டு பெருகியிருந்தது. கலத்தைச் சாகவிடாத பிசிஎல்2எல்1 மரபணு இருப்பது அங்கேதான். இந்தத் துண்டு பல வேளைகளில் கரியோடைப்பில் செய்யும் சாதாரண பட்டைச் சாயத்துக்குத் தெரியாத அளவு சிறியது. அதற்கு ஃபிஷ் (துண்டை ஒளிரவைத்துக் காட்டும் சோதனை) அல்லது க்யூபிசிஆர் (துண்டின் பிரதிகளை அளக்கும் சோதனை) தனியாகச் செய்ய வேண்டும்.

அப்புறம், 20 கலங்களில் மட்டும் நிறமூர்த்தங்களை எண்ணிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நூற்றுக்கு 5 கலம் பிசகியிருந்தால், 20 எண்ணியும் ஒன்றுகூட அகப்படாமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எண்ணிக்கை 46 என்பதும் போதாது. ஒரு நிறமூர்த்தத்தின் துண்டு இன்னொன்றுக்கு இடம்மாறியிருந்தாலும் 46தான் வரும். பத்துப் பாசேஜுக்கு (கலங்களைப் பிரித்துப் புதிய தட்டுக்கு மாற்றுவது) ஒருமுறையாவது பாருங்கள். ஆரம்பக் கலங்களை உறையவைத்துச் சேமியுங்கள். பாசேஜ் எண்ணைக் குப்பியிலும் குறிப்பேட்டிலும் எழுதுங்கள்.

என் மகனுக்கு டவுன் நிலை. குருத்துக் கல ஊசியால் மூன்றாவது 21ஆம் நிறமூர்த்தத்தை எடுக்கலாம் என்று ஒருவர் பணம் கேட்கிறார். (தாய், மூதூர்)

கொடுக்காதீர்கள் அம்மா. அந்த மேலதிக 21 மகனின் உடம்பு முழுக்க உள்ள கலங்களில் இருக்கிறது. அதை ஊசியால் எடுக்க எவராலும் முடியாது. அந்தப் பணத்தை இதயம், தைராய்டு, காது, கண் பரிசோதனைகளுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் வைத்திருங்கள். அவை மகனுக்கு உண்மையிலேயே உதவும்.

என் கலங்கள் திடீரென வேகமாக வளர்கின்றன. நல்ல அறிகுறிதானே? (ஊர் எழுதவில்லை)

பாசேஜ் எண்ணையும் எழுதவில்லை. அது இல்லாமல் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? காரணமில்லாமல் வேகம் கூடினால் அது எச்சரிக்கை. இன்றே கரியோடைப்புக்கு அனுப்புங்கள், 20ஆம் நிறமூர்த்தத் துண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அந்தத் தட்டில் புதிய பரிசோதனை எதையும் தொடங்க வேண்டாம்.