சாவி யார் கையில்?

கேள்வி: உள்நாட்டுப் போர் நடந்த நாடுகளில் ஒப்பந்தம் போட்டதுமே ஆளுக்கு நாலு மந்திரி பதவி என்று பங்கு வைத்துக்கொள்கிறார்கள். நேற்றுவரை சுட்டுக்கொண்டவர்கள் இன்று சேர்ந்து எப்படி ஆள முடியும்? முதலில் நம்பிக்கை வரட்டும், அதிகாரப் பகிர்வு அப்புறம் என்பதுதானே முறை? இலங்கையில் ஒப்பந்தங்கள் கிழிந்ததும் நம்பிக்கை இல்லாததால்தானே?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: உசிலம்பட்டிக்காரர் இதைக் கேட்கலாமா? பாகம் பிரித்த அண்ணன் தம்பி ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதை நீங்கள் பார்த்ததே இல்லையா? பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணப் பத்திரிகைகூட வைப்பதில்லை. ஆனால் திங்கள் அண்ணன் முறை, செவ்வாய் தம்பி முறை. அது மட்டும் தப்பாது. பாசத்தாலா? அண்ணன் இன்று ஒரு மணி நேரம் கூடுதலாக மோட்டாரை ஓடவிட்டால் நாளைக்குத் தம்பி இரண்டு மணி நேரம் ஓடவிடுவான் என்ற பயத்தால். ஒருவரையொருவர் நம்பியிருந்தால் அவர்களுக்கு முறையே தேவைப்பட்டிருக்காது.

அதிகாரப் பகிர்வும் நம்பாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடுதான். 'முதலில் நம்பிக்கை வரட்டும்' என்று சொல்பவர் யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் மோட்டார் அறைச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவராக இருப்பார்.

இலங்கைக்கு வருவோம். தமிழ்ப் பகுதிகளுக்குக் கொஞ்சம் அதிகாரம் கொடுப்பதாக 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் போட்ட ஒப்பந்தம் நம்பிக்கை இல்லாமல் கிழிந்தது என்கிறீர்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. அதில் நம்பிக்கையைத் தவிர வேறெதுவும் இல்லை! இரண்டு தலைவர்களின் கையெழுத்து, அவ்வளவுதான். சட்டமாகவில்லை, மீறினால் ஏன் என்று கேட்க நடுவர் இல்லை. 1958 ஏப்ரலில் அதை எதிர்த்துப் புத்த பிக்குகள் தன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் பிரதமர் கைவிட்டுவிட்டார். செல்வநாயகத்தால் என்ன செய்ய முடிந்தது?

1987-ல் ராஜீவ் - ஜெயவர்தன ஒப்பந்தத்துக்குப் பிறகு சட்டமே வந்தது. இலங்கை அரசியல் சட்டத்தில் 13-வது திருத்தம், அதன்படி மாகாண சபைகள். காணி (அதாவது நிலம்) அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் இன்றைக்கும் தாளில் இருக்கின்றன, கைக்கு வரவில்லை. வடக்கு மாகாணத்துக்கென்று தனியாக முதல் தேர்தல் நடந்ததே 2013-ல்தான். 2018-ல் அந்தச் சபையின் காலம் முடிந்ததும் ஆளுநர் கையில் போனது. நாற்காலி கொடுப்பது வேறு, அதிகாரம் கொடுப்பது வேறு. உங்கள் பக்கத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு 1996-லிருந்து பத்து ஆண்டுகள் ஆளே நிற்காததையும், நின்று ஜெயித்தவர்கள் ஆதிக்க சாதியினரின் நெருக்கடியால் கையோடு ராஜினாமா எழுதிக்கொடுத்த கதையையும் நான் வேறு சொல்ல வேண்டுமா?

பதவியை மட்டும் பிரித்துவிட்டு ஆயுதத்தை அவரவர் கையில் விட்டாலும் வம்புதான். தெற்கு சூடானில் 2015-ல் ஒப்பந்தம். சண்டை போட்ட இருவரில் கீர் அதிபர், மச்சார் முதல் துணை அதிபர். இருவரின் படையும் தலைநகர் ஜூபாவுக்குள்ளேயே. 2016 ஜூலையில் தலைவர்கள் இருவரும் அதிபர் மாளிகைக்குள் பேசிக்கொண்டிருந்தபோதே வெளியே அவர்களின் மெய்க்காவலர்கள் ஒருவரையொருவர் சுட ஆரம்பித்தார்கள். போர் மறுபடியும் பிடித்துக்கொண்டது.

நல்லபடியாக நடந்ததற்கு வெளிநாடுவரை போக வேண்டாம், மிசோரம் போதும். 1986 ஜூனில் ஒப்பந்தம். இருபது ஆண்டுகள் ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் தலைவர் லால்டெங்காவுக்காக, காங்கிரஸ் முதலமைச்சராக இருந்த லால் தன்ஹாவ்லா நாற்காலியைக் காலி செய்துவிட்டு அவருக்குக் கீழே துணை முதல்வரானார். லால்டெங்கா நல்லவரா என்று சோதித்துப் பார்த்துவிட்டா கொடுத்தார்கள்? (நம்மூரில் ஒரு வட்டச் செயலாளரை இறங்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.)

பகிர்வு என்றாலே அமிர்தம் என்று நான் சொல்லவில்லை. போஸ்னியாவில் 1995-ல் போட்ட டேட்டன் ஒப்பந்தப்படி போஸ்னியாக், செர்பியர், குரோட் என மூன்று பேர் கூட்டு அதிபர்கள். இந்த மூன்றிலும் சேராத யூதரோ ரோமா இனத்தவரோ அந்தப் பதவிக்கு நிற்கவே முடியாது. இது பாரபட்சம் என்று 2009-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் மாற்ற ஆளில்லை. அன்று சண்டையை நிறுத்திய கணக்கே இன்று காலில் விலங்கு. ஆனாலும் சண்டை நின்றது, அதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

நேபாளத்தைப் பாருங்கள், உங்கள் கேள்விக்கு நேரடி பதில் அங்கே இருக்கிறது. 2006-ல் ஒப்பந்தம் ஆனதும் மாவோயிஸ்டுகளின் துப்பாக்கிகளை இரும்புக் கன்டெய்னர்களில் அடுக்கிப் பூட்டினார்கள். அதே அளவு ஆயுதத்தை ராணுவமும் அடுக்கிப் பூட்ட வேண்டும். ஐ.நா. ஆட்களின் கண்காணிப்பு, கேமரா, திறந்தால் அலறும் சைரன் எல்லாம் உண்டு. பூட்டின் சாவி? மாவோயிஸ்டுகளிடமே! நினைத்தால் திறந்திருக்கலாம். திறந்தால் உலகத்துக்கே கேட்கும், அவ்வளவுதான். அவர்கள் தேர்தலில் நின்றார்கள், ஜெயித்து ஆட்சிக்கும் வந்தார்கள், இறங்கினார்கள், மறுபடி வந்தார்கள். 2011-ல், ஐ.நா. ஆட்களும் கிளம்பிப் போன பிறகு, அந்தச் சாவிகளை அரசுத் தரப்புக் குழுவிடம் அவர்களே கொடுத்தார்கள். 2006-ல் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா?