இயற்கை விவசாயம் ரசாயன விவசாயத்தைவிடக் குறைந்த ஆற்றலில் நடக்கிறதா? பொன்னேரிப் பக்கம் நெல் பயிரிட நினைப்பவருக்கு எது சிக்கனம்?

ஏக்கர் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் ஆம் என்பதே என் பதில். ஆனால் அந்த மிச்சத்தின் பெரும்பகுதி தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் என்ற ஒரே இடத்திலிருந்து வருகிறது என்பதையும், நெல்லைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய ஆற்றல் செலவு தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் மணலியில் வசிப்பவன். இங்குள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை 1971 முதல் இயங்கி வருகிறது. நெடுங்காலம் நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளைக் கொண்டு யூரியா தயாரித்த அந்த ஆலை 2019 முதல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுவதற்கு இந்த எரிபொருள் மூலப்பொருளாகவும் வெப்பமாகவும் செலவாகிறது. ஒரு டன் யூரியாவுக்குச் சுமார் 6 கிகா கலோரி என்று கொண்டால், 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 30 லிட்டர் டீசலுக்கு ஈடான ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஏக்கருக்கு இரண்டு மூட்டை இடுபவர் 60 லிட்டருக்கு ஈடானதை வயலில் இறைக்கிறார். பூச்சிமருந்து, களைக்கொல்லி ஆகியவற்றின் பங்கு இதனோடு ஒப்பிட்டால் சிறியது.

சுவிட்சர்லாந்தின் தெர்வில் என்ற ஊரில் 1978 முதல் இரு முறைகளையும் அருகருகே நடத்தி வரும் நெடுங்காலச் சோதனையில், இயற்கை முறையில் விளைச்சல் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. ஆயினும் அதே அளவு விளைபொருளுக்குச் செலவான ஆற்றல் 20 முதல் 56 விழுக்காடு வரை குறைவாகவே இருந்தது. விளைச்சல் இழப்பைக் கழித்த பிறகும் மிச்சம் நிற்கிறது என்பதால் இந்த முடிவை நான் மதிக்கிறேன்.

நம் ஊரில் அந்த மிச்சத்தைத் தருவது, வளர்த்து வயலிலேயே மடக்கி உழும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டுதான். பூக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவி, அதிலுள்ள முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், மணலி ஆலை எரிவாயுவைக் கொண்டு செய்யும் வேலையை அந்த வேர் வெயிலைக் கொண்டு செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதற்கு மாறாக, இரண்டு மூட்டை யூரியாவின் தழைச்சத்தைத் தொழுவுரமாகத் தர ஏறத்தாழ 8 டன் வேண்டும். அதை லாரியில் வெகுதூரம் ஏற்றிவந்தால் மிச்சம் வழியிலேயே கரைந்துவிடும்.

இனி மோட்டார். டிசம்பர், ஜனவரியில் தொடங்கும் நவரைப் பட்டத்தில் மழையை நம்ப முடியாது. ஏக்கருக்குத் தேவையான சுமார் 50 லட்சம் லிட்டர் தண்ணீரையும் 30 மீட்டர் ஆழத்திலிருந்து சாதாரண மோட்டாரில் இறைத்தால், 1100 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் கொதிகலனிலிருந்து கணக்குப் பார்த்தால் இது ஏறத்தாழ முக்கால் டன் நிலக்கரி. அந்த இரண்டு மூட்டை யூரியாவைப் போல ஐந்து மடங்கு ஆற்றல். விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால் இது எவருடைய செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. மீஞ்சூர்ப் பகுதியில் அளவு மீறி உறிஞ்சியதால் நிலத்தடியில் கடல்நீர் புகுந்ததைப் பார்த்த பிறகும், இயற்கை முறையா ரசாயன முறையா என்று மட்டும் விவாதித்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

ஆகவே நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது கட்டிய நீர் வற்றிய பிறகே மறுபடி பாய்ச்சுவதாக, தண்ணீர் விடுவதை முதலில் பழகுங்கள். தழைச்சத்தை அடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். சம்பாவை அடுத்து நவரை நெல் வைக்காமல், அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈரம் காயாத வயலில் உளுந்தைத் தெளித்துவிட்டால், மண்ணிலிருக்கும் ஈரத்தைக் கொண்டே பெரும்பாலும் விளைந்துவிடும். யூரியாவும் வேண்டியதில்லை, மோட்டாருக்கும் வேலை மிகக் குறைவு.